அப்புறம் என்ன ஆயிற்று?

சென்ற மாதம் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து காபி வந்த சமயத்தில், ஊரில் நிறையப் படித்தவர் என்று பெயர் வாங்கிய ஒரு பெரியவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இங்கிலீஷ் நாவல்கள், அதிலும் மாயக் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும் அவருக்கு உயிர். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. "ஸார், முதல் நாவலை எழுதுவது ஆசாமியின் ரத்தம், இரண்டாவதை எழுதுவது வெறும் மை" என்றார். சொல்லிவிட்டு, இதை நீர் குறித்துக்கொள்ளலாம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் குறித்துக்கொள்ளவில்லை. இதே வாக்கியத்தை, கொஞ்சம் முன்னே பின்னே, பத்துப் பேர் வாயிலாவது கேட்டிருக்கிறேன்.

அவருடைய கட்சி இதுதான். சாதாரண நாவலாசிரியனுக்காவது அடுத்த வீடு இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, ஒன்றுவிட்ட சித்தப்பா இருக்கிறார்; விஷயத்துக்குப் பஞ்சமில்லை. மாயக் கதை எழுதுகிறவனுக்கும் விஞ்ஞானக் கதை எழுதுகிறவனுக்கும் கைமுதல் ஒரே ஒரு யோசனை. அதை முதல் புத்தகத்தில் செலவழித்துவிடுகிறான். இரண்டாவதில் சட்டியைச் சுரண்டுகிறான். ஆகவே அப்படிப்பட்டவன் செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம், முதல் புத்தகத்து ஆட்களையே மறுபடி கூப்பிட்டு, அதே ஊரில், அதே மாதிரி இன்னொரு கதையை நடத்துவது. ஜனங்களும் அதைத்தானே கேட்கிறார்கள்? கொடுத்துவிட்டுப் போவதில் என்ன நஷ்டம்?

அன்றைக்கு மரியாதைக்காகச் சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. அந்த அபிப்பிராயம் தப்பு என்பதற்காக மட்டுமல்ல. தப்பான அபிப்பிராயங்கள் உலகத்தில் எத்தனையோ. அவை பாட்டுக்கு இருக்கின்றன. இந்த அபிப்பிராயத்தை நம்பிக் கெட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கெடுவதற்குத் தயாராக நின்ற ஒரு பெண் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாயக் கதை என்றதும் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருகிற புத்தகம் டோல்கீனுடைய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. அது அவருடைய இரண்டாவது நாவல். விஞ்ஞானக் கதை என்றதும் சொல்லப்படுகிற நாலைந்து பெயர்களில் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' ஒன்று. அதுவும் இரண்டாவது நாவல். 1956ல் அவர் நீர்மூழ்கிக் கப்பலை வைத்து ஒரு நாவல் வெளியிட்டார். அதைப் படித்தவர்களை எண்ணிவிடலாம். 'டியூன்' புத்தகமாக வந்தது 1965ல். இருபதுக்கும் மேற்பட்ட பிரசுரகர்த்தர்கள் அதை வேண்டாம் என்று சொன்னார்கள். கடைசியில் அச்சிட முன்வந்தது, மோட்டார் ரிப்பேர் புத்தகங்களுக்குப் பேர்போன சில்ட்டன் கம்பெனி. ரத்தமும் மையும் பேசுகிற பெரியவர்கள் இந்த இரண்டு புத்தகங்களையும் எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கையால் மட்டும் ஒரு கட்சி ஜெயித்துவிடாது என்பது எனக்கும் தெரியும். முதல் நாவலோடு படுத்துவிட்டவர்களின் ஜாபிதாவை எதிர்க் கட்சியும் கொண்டுவந்து நீட்டலாம். நான் கேட்பது வேறு. இரண்டாவது நாவலில் கஷ்டம் இருக்கிறது, வாஸ்தவம். அந்தக் கஷ்டம் எங்கிருந்து வருகிறது? எழுதுகிறவனின் சரக்குத் தீர்ந்துபோனதாலா? அல்லது அவன் மேஜையைச் சுற்றி நிற்கிற ஆட்களாலா?

முதல் நாவலை எழுதும்போது ஒருவனுக்காக யாரும் காத்திருப்பதில்லை. அதைப் போன்ற சுதந்திரம் பிறகு கிடைப்பதில்லை. பத்து வருஷம் எழுதலாம், கிழித்துப் போடலாம், மறுபடி எழுதலாம். வீட்டில் திட்டுவார்களே தவிர வேறு கேள்வி முறை கிடையாது. புத்தகம் வெளிவந்து நாலு பேர் நன்றாயிருக்கிறது என்று சொன்னதும் நிலைமை மாறுகிறது. பிரசுரகர்த்தர் ஒரு ஒப்பந்தத்தோடு வருகிறார். வாசகர் "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார். மாயக் கதைக்காரனுக்கு இந்த உபத்திரவம் மற்றவர்களைவிட இரட்டிப்பு. விசுவாமித்திரர் திரிசங்குவுக்காகத் தனியாக ஒரு சொர்க்கத்தையே சிருஷ்டித்த மாதிரி, அவன் மண்ணும் மலையும் பாஷையும் பஞ்சாங்கமும் தானே செய்துவைத்திருக்கிறான். கட்டிய வீடு காலியாகக் கிடக்கிறது, இன்னும் நாலு குடித்தனம் வைத்தால் வாடகை வருமே என்று பிரசுரகர்த்தருக்குத் தோன்றுகிறது. தோன்றுவதில் குற்றமில்லை; அவர் தொழில் அது. அதையே இலக்கிய தருமம் என்று எழுத்தாளனிடம் சொல்லுகிறபோதுதான் எனக்குச் சண்டை.

இந்தச் சங்கடம் புதிதல்ல. விஞ்ஞானக் கதைக்கே தாய் என்று சொல்லப்படுகிற மேரி ஷெல்லியிடமிருந்தே தொடங்குகிறது. 1816ல் ஜினீவா ஏரிக்கரையில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது பதினெட்டு. 1818 ஜனவரி முதல் தேதி புத்தகம் வந்தது. ஐந்நூறு பிரதி, ஆசிரியர் பெயர் கிடையாது. கணவர் ஷெல்லிதான் எழுதியிருக்கவேண்டும் என்று வால்ட்டர் ஸ்காட் உள்படப் பலர் நினைத்தார்கள். அந்த வருஷம் ஒரு பெண் குழந்தை செத்துப்போயிற்று. அடுத்த வருஷம் ரோமில் ஆண் குழந்தையும் போயிற்று. அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய அடுத்த கதை 'மட்டில்டா'. தகப்பன் ஒருவனுக்கு மகள் மேலேயே தகாத ஆசை வந்துவிடுகிற கதை. பேயோ பூதமோ இல்லை. அதை லண்டனிலிருந்த தம் தகப்பனார் காட்வினுக்கு அனுப்பினார். காட்வின் பெரிய சிந்தனையாளர், சுதந்திரத்தைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதியவர். அவர் கதையைப் படித்து அருவருத்தார். பிரசுரிக்கவும் இல்லை, கேட்டுக் கேட்டுப் பார்த்தும் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது அச்சேறியது 1959ல். எழுதி நூற்று நாற்பது வருஷம் கழித்து.

அப்படியானால் அச்சில் வந்த இரண்டாவது நாவல் எது? 'வல்பெர்கா', 1823. பதினாலாம் நூற்றாண்டு இத்தாலியைப் பற்றிய சரித்திர நாவல். பூதம் செய்தவள் பூதம்தானே செய்யவேண்டும்? இவளுக்கு எதற்குச் சரித்திரம்? ஆனாலும் அட்டையில் தம் பெயர் இல்லை. 'ஃபிராங்கன்ஸ்டைன் ஆசிரியர்' என்றுதான் போட்டார்கள். 1826ல் 'கடைசி மனிதன்' வந்தபோதும் அதே முத்திரை. இருபத்தோராம் நூற்றாண்டின் முடிவில் கொள்ளைநோயால் மனித குலமே அழிந்து ஒரே ஒருவன் மிஞ்சுகிற கதை அது. கணவர் கடலில் மூழ்கி இறந்து, நண்பர் பைரனும் கிரீஸில் இறந்த பின், தனியாக மிஞ்சிப்போன ஒரு பெண் எழுதியது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு படித்தால் சில பக்கங்களில் கை நடுங்கும். அன்றைய விமரிசகர்கள் அதைக் கிழித்துப்போட்டார்கள். புத்தகம் மறக்கப்பட்டு, 1960களில்தான் மறுபடி புத்துயிர் பெற்றது. 2020ல் ஊர் ஊராகக் கதவடைத்து உட்கார்ந்திருந்தபோது நம்மில் சிலர் அதைத் தேடிப் படித்தோம்.

மேரி ஷெல்லிக்குச் சரக்குத் தீர்ந்துபோனதா? தீரவில்லை. சரக்கை வாங்கித் தகப்பனார் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டார். மிச்சத்தை, இது பழைய சரக்கு மாதிரி இல்லையே என்று கடைக்காரர்கள் ஒதுக்கினார்கள். எழுதினவள் எழுதிக்கொண்டேதான் இருந்தாள்.

டோல்கீன் விஷயம் இதைவிடச் சுவாரசியம். 1937 செப்டம்பரில் 'ஹாபிட்' வெளிவந்தது. அதை அச்சிடலாமா என்று பிரசுரகர்த்தர் ஸ்டான்லி அன்வின் தம் பத்து வயசுப் பிள்ளை ரேனரிடம் கொடுத்து, அபிப்பிராயத்துக்கு ஒரு ஷில்லிங் கூலியும் கொடுத்தார். பிள்ளை நல்லவிதமாகச் சொன்னான். முதல் பதிப்பு ஆயிரத்து ஐந்நூறு பிரதி கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துபோயிற்று. நவம்பரிலேயே அன்வின் டோல்கீனைச் சாப்பிடக் கூப்பிட்டு, அடுத்தது என்ன என்று கேட்டார். டோல்கீன் தாம் இருபது வருஷமாக எழுதிச் சேர்த்து வைத்திருந்த 'சில்மரில்லியன்' காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். உலகம் பாட்டிலே பிறந்தது, தேவர்கள் சண்டை போட்டது, அதெல்லாம் அடங்கிய பழங்கதைத் தொகுதி. அவருடைய ரத்தம் என்று ஏதாவது இருந்தால் அது அதில்தான் இருந்தது. அன்வின் கம்பெனி அதைப் பணிவோடு திருப்பி அனுப்பிவிட்டது. அவர்களுக்கு வேண்டியது ஹாபிட். ரோமக் கால்களோடு வளையில் உட்கார்ந்து டீ குடிக்கிற குள்ள ஆசாமிகள்.

டோல்கீன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த டிசம்பரிலேயே புதிய ஹாபிட் கதையின் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டதாகக் கடிதம் போட்டார். இதை வைத்துக்கொண்டு எதிர்க் கட்சியார் சொல்லலாம்: பார்த்தீரா, கேட்டதைக் கொடுக்க உட்கார்ந்ததனால்தானே அந்தப் பெரிய புத்தகம் பிறந்தது? உட்கார்ந்தது வாஸ்தவம். கொடுத்தாரா? எழுத எழுதக் கதை அவர் பேச்சைக் கேட்கவில்லை; அவரும் பிரசுரகர்த்தர் பேச்சைக் கேட்கவில்லை. பழைய புத்தகத்தில் ஆளை மறைக்கிற விளையாட்டுச் சாமானாக இருந்த மோதிரம், உலகத்தையே அடிமையாக்குகிற பொல்லாத வஸ்துவாக மாறிற்று. சத்திரத்து மூலையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவன், முதலில் மரச் செருப்புப் போட்ட ஒரு ஹாபிட்டாகத்தான் இருந்தான். அவன் யார் என்று ஆசிரியருக்கே வெகு நாள் தெரியவில்லை. கடைசியில் நாடிழந்த அரச குமாரன் என்று தெரிந்தது. மோரியா என்ற சுரங்கத்தில், ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் பாத்திரங்களை நிறுத்தியவர், மேலே வழி தெரியாமல் நெடுநாள் பேனாவை வைத்துவிட்டார். நடுவில் ஒரு மகா யுத்தம், கல்லூரி வேலை, பரீட்சைப் பேப்பர் திருத்துவது. குழந்தைகளுக்காகக் கேட்ட கதை ஆயிரம் பக்கத்துக்கு மேல் வளர்ந்து, 1954, 55ல் மூன்று பாகமாக வெளிவந்தது. கேட்டதிலிருந்து பதினேழு வருஷம். அதற்குள் ஒரு ஷில்லிங் வாங்கிய பிள்ளை ரேனர் பெரியவனாகித் தகப்பனாரின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஆயிரம் பவுன் நஷ்டம் வரலாம் என்று தகப்பனாருக்கு எழுதினான். இது ஒரு மேதையின் காரியம் என்று நீ நம்பினால் அந்த ஆயிரத்தை இழக்கலாம் என்று அவர் பதில் எழுதினார். பிரசுரகர்த்தர்களைப் பற்றி நான் சொல்லுகிற கடுமையான வார்த்தைகளுக்கெல்லாம் இந்தத் தகப்பனும் பிள்ளையும் விலக்கு.

இதில் யாரும் அவ்வளவாக எடுத்துப் பேசாத ஒரு விஷயம் உண்டு. 'ஹாபிட்' முதல் பதிப்பில், இருட்டுக் குகையில் விடுகதைப் போட்டி நடக்கிறதே, அதில் கோலம் என்ற பிராணி மோதிரத்தைப் பந்தயப் பரிசாகத் தானே கொடுக்க ஒப்புக்கொள்ளுகிறது. தோற்றதும், மோதிரம் காணாததால் மன்னிப்புக் கேட்டு வழிகாட்டிவிட்டுப் போகிறது. இரண்டாவது புத்தகத்தில் மோதிரம் என்னவாக ஆயிற்றோ அதற்கு இது சரிப்படவில்லை. உயிரே போனாலும் அதை யாரும் கொடுக்கமாட்டார்கள். டோல்கீன் என்ன செய்தார்? முதல் புத்தகத்து அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். 1951ல் வந்த பதிப்பிலிருந்து நாம் படிப்பது அந்த மாற்றிய அத்தியாயம்தான். ஜெயித்த முதல் புத்தகத்தின் மாதிரியில் இரண்டாவதைச் செய் என்று உலகம் சொல்லுகிறது. இங்கே இரண்டாவது புத்தகம் முதலாவதைப் போய்த் திருத்திவிட்டு வந்தது! தம்முடைய வெற்றியிலேயே கை வைக்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

எனவே தொடர்ச்சி எழுதுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் 'அப்புறம்' என்ற வார்த்தையையே அகராதியிலிருந்து எடுத்துவிடவேண்டும்; வாராவாரம் 'தொடரும்' போட்டுப் பிழைத்தவர்கள் நாங்கள், எங்களுக்கு அந்த யோக்கியதை கிடையாது. தொடர்ச்சியை எழுதிக்கொண்டே வாசகனின் எதிர்பார்ப்புக்கு எதிராகப் போன இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் அதே ஹெர்பர்ட். 'டியூன்' முடிவில் கதாநாயகன் பால் சக்கரவர்த்தி ஆகிறான். ஜனங்கள் அவனை அவதார புருஷன் என்று கொண்டாடுகிறார்கள். வாசகர்களும் கொண்டாடினார்கள். 1969ல் வந்த 'டியூன் மெசையா'வில் பன்னிரண்டு வருஷம் கழிந்துவிட்டது. அவன் பெயரால் நடந்த தருமயுத்தத்தில் கோடானுகோடி பேர் செத்திருக்கிறார்கள். அவனைச் சுற்றிச் சதி, கண் போய்விடுகிறது, பாலைவனத்தில் தனியாக நடந்துபோகிறான். முதல் கதையைத் தம் பத்திரிகையில் தொடராகப் போட்டுப் பெருமைப்பட்ட ஆசிரியர் ஜான் காம்ப்பெல், இதைப் போட மறுத்துவிட்டார். வீரன் வீரனாகவே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. வேறொரு பத்திரிகைதான் வெளியிட்டது. முதல் புத்தகத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. நாம்தான் ஆரவாரத்தில் அதைக் கவனிக்கவில்லை என்பதை இரண்டாவது புத்தகம் காட்டிக்கொடுத்தது. வாசகனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இன்னொருவர் உர்சுலா லெகுயின் அம்மையார். 'எர்த்ஸீயின் மந்திரவாதி' 1968ல் வந்தது. கெட் என்ற பையன் மந்திரம் கற்றுக்கொள்ளுகிற கதை; கடல், தீவு, படகு, காற்று. அந்த உலகத்தில் நடக்கும் இரண்டாவது நாவல் 'அட்டுவானின் கல்லறைகள்', 1971. படித்துப் பாருங்கள். நாலு அத்தியாயம் வரை கெட் தலையே காட்டவில்லை. கடல் இல்லை. பாலைவனத்தின் நடுவே ஒரு கோவில், அதற்கடியில் இருட்டுச் சுரங்கம், பெயரைப் பறிகொடுத்துப் பூசாரிச்சி ஆக்கப்பட்ட ஒரு சிறுமி. அவள் கண் வழியாகவே கதை. நாம் காத்திருந்த கதாநாயகன் ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு திருடனாக வந்து சேர்கிறான். அவனை அடைத்துப்போட்டுக் கொன்றுவிடலாமா என்று அவள் யோசிக்கிறாள். முதல் புத்தகத்தில் யாரை நம்பி நடந்தோமோ அவனையே அந்நியனாக, இன்னொருத்தியின் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுகிறார். இது அந்த ஆசிரியைக்கு மொத்தத்தில் இரண்டாவது நாவல் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் விஞ்ஞான நாவல்கள் எழுதிக் கை பழகியவர். ஆனால் 'இதே ஊரில் இன்னொன்று' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் நான் படித்ததில்லை.

வெல்ஸைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். 1895ல் 'கால யந்திரம்'. அதே வருஷம் ஒரு பாதிரியார் பறவை என்று நினைத்துத் தேவதூதனைச் சுட்டுவிடுகிற கதை. அடுத்த வருஷம் டாக்டர் மோரோவின் தீவு. அதற்கடுத்தது கண்ணுக்குத் தெரியாத மனிதன். அதற்கும் அடுத்தது செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பு. ஒரே யோசனைக்காரனாம்! 'கால யந்திர'த்தின் கதாநாயகன் இரண்டாம் தடவை புறப்பட்டுப் போனவன் திரும்பவே இல்லை. எங்கே போனான் என்று வெல்ஸ் கடைசிவரை சொல்லவில்லை. அந்தத் தொடர்ச்சியைச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1995ல், ஸ்டீஃபன் பாக்ஸ்ட்டர் என்ற இன்னொருவர் எழுதினார். அவசரம் அவருக்குத்தான் இருந்தது போலும்.

இப்போது வாசகர் கட்சியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். "நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம். மூன்று பாகம் என்று சொல்லி முதல் பாகத்தை விற்றார். இரண்டும் மூன்றும் எங்கே?" பாட்ரிக் ராத்ஃபஸ் என்ற அமெரிக்கர் விஷயத்தில் இந்தச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. 2007ல் அவருடைய முதல் நாவல் வந்தது. மூன்று பாகமும் எழுதி முடித்தாகிவிட்டது, வருஷத்துக்கு ஒன்றாக வரும் என்று அப்போது அவரே சொன்னார். இரண்டாவது பாகம் வர நாலு வருஷம் பிடித்தது. மூன்றாவது 2024 முடியும் வரையிலும் வரவில்லை. வசவு மழையாகப் பொழிகிறது.

இதில் நான் நியாயம் பேசுவதென்றால் இரு பக்கமும் பேசவேண்டும். வாசகன் விலை கொடுத்து வாங்கியது ஒரு புத்தகத்தை. அது அவன் கையில் இருக்கிறது. எழுதியவனின் மிச்ச ஆயுளை அவன் வாங்கவில்லை. இது ஒரு பக்கம். மறு பக்கம், முடிந்துவிட்டது என்று சொன்னவர் எழுத்தாளர். முதல் பிரதியை முடித்து வைத்திருப்பது வேறு, நாவல் முடிந்திருப்பது வேறு என்று எழுதுகிறவனுக்குத் தெரியாதா? தெரியும். உற்சாகத்தில் சொல்லிவிடுகிறான். 'மூன்றில் முதலாவது' என்று அட்டையில் அச்சடிக்கிற இந்த வழக்கத்தைத்தான் நான் வெறுக்கிறேன். பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் பிடிப்பது போன்ற காரியம் அது. பிறகு குறித்த தேதியில் பிள்ளை பிறக்கவில்லை என்று தாயாரைத் திட்டுகிறார்கள்.

மௌனமாகிவிட்டவர்களை எடுத்துக்கொள்வோம். வால்ட்டர் மில்லர் என்ற அமெரிக்கர், யுத்தத்தில் விமானத்தில் இருந்து இத்தாலியின் மோண்டே கஸீனோ மடத்தைக் குண்டுபோட்டுத் தகர்த்தவர்களில் ஒருவர். அந்தப் பாரத்தோடு எழுதிய நாவல்தான் 'லீபோவிட்ஸுக்காக ஒரு கீதம்'. அணுகுண்டால் உலகம் பாழான பிறகு ஒரு மடத்துத் துறவிகள் படிப்பைக் காப்பாற்றுகிற கதை. 1961ல் அதற்கு ஹியூகோ பரிசு கிடைத்தது. அதன் பிறகு அவர் உயிரோடிருந்த முப்பத்தைந்து வருஷத்தில் இன்னொரு நாவல் வெளிவரவில்லை. 1996ல் அவர் மறைந்த பிறகு, அவர் விட்டுப்போன பெரும் பகுதியை டெர்ரி பிஸ்ஸன் என்பவர் முடித்துக்கொடுத்து 1997ல் இரண்டாவது வந்தது. இவரைப் பார்த்தும் "சரக்கு அவ்வளவுதான்" என்று சொல்லுகிற வாய் உண்டு. நான் சொல்லமாட்டேன். அந்த மனிதருக்குள் என்ன நடந்தது என்று கணக்குப் பார்க்க நாம் யார்?

ஸூஸன்னா கிளார்க்கின் கதை சந்தோஷமாக முடிகிறது. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்து 2004ல் 'ஜானதன் ஸ்ட்ரேஞ்சும் மிஸ்டர் நாரலும்' என்ற எண்ணூறு பக்க நாவலைக் கொடுத்தார். அடிக்குறிப்புகளே ஒரு தனிப் புத்தகம். தொடர்ச்சி எழுதத் தொடங்கினார். நோய் வந்துவிட்டது, தீராத அசதி, படுக்கை. அந்த மாபெரும் கதையைத் தூக்கித் தாங்குகிற தெம்பு இல்லை என்று கண்டு, வெகு நாள் முன்பே மனசில் கிடந்த ஒரு சின்னக் கதையைக் கையில் எடுத்தார். முடிவில்லாத கூடங்கள், சிலைகள், உள்ளே அலையடிக்கிற கடல், அதில் கிட்டத்தட்டத் தனியாக ஒருவன். 'பிரனேஸி', 2020, முதல் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த வருஷம் இங்கிலாந்தில் பெண் நாவலாசிரியர்களுக்குக் கொடுக்கிற பெரிய பரிசு அதற்குக் கிடைத்தது. பதினாறு வருஷத்தில் பிரசுரகர்த்தர் 'பாகம் இரண்டு' கேட்டுக் கழுத்தைப் பிடித்திருந்தால் இந்தச் சின்னப் புத்தகம் வந்திருக்காது. நூலகத்தில் கிடைத்தால் இதை விடாதீர்கள்.

இவ்வளவு வீறாப்பாகப் பேசுகிற நீர் என்ன செய்தீர் என்று யாராவது கேட்கலாம். கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். என் முதல் நாவலில் கதாநாயகியின் தாயார் ஒருத்தி வருவாள்; வாய்த்துடுக்கு, மூக்குத்தி, வெற்றிலைப் பெட்டி. அவள் மேல் வாசகர்களுக்குப் பிரியம் வந்துவிட்டது. அவளை மறுபடி கொண்டுவாருங்கள் என்று ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர் கேட்டார். முதல் நாவலின் பதினெட்டாம் அத்தியாயத்தில் அவளை நான் கொன்றுவிட்டேனே என்றேன். அதற்கென்ன, அவளுக்கு ஒரு அக்காள் இருக்கக்கூடாதா என்றார். எனக்கும் வீட்டு வாடகை பாக்கி இருந்தது. அக்காளை எழுதினேன். அதே வாய், அதே மூக்குத்தி. வெற்றிலைக்குப் பதில் பொடி. இருபத்தாறு வாரம் ஓடிற்று. நல்ல பெயரும் வாங்கிற்று. என் புத்தகங்களை அலமாரியில் அடுக்கும்போது அந்த ஒன்றை மட்டும் முதுகு உள்பக்கம் இருக்கும்படி வைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்தச் சமயத்தில் நான் எழுத நினைத்திருந்தது, கண் தெரியாத ஒரு கடிகார ரிப்பேர்க்காரனைப் பற்றிய நாவல். இப்போது எழுதலாமே என்பீர்கள். உட்கார்ந்து பார்த்தேன். அவன் வரவில்லை.

ஆகவேதான் அந்தப் பெண் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது எனக்குப் பதற்றமாக இருந்தது. இருபத்தேழு வயசு. பகலில் ஒரு கம்பெனியில் வேலை, ராத்திரியில் எழுத்து. ஏழு வருஷம் எழுதின முதல் நாவல் போன வருஷம் வந்தது. மழையே பெய்யாத ஒரு தேசத்தில் தண்ணீருக்குப் பதில் ஞாபகங்களை விற்று வாங்குகிற ஜனங்களின் கதை. நன்றாகப் போயிற்று. பிரசுரகர்த்தர் 'பாகம் இரண்டு' என்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். பத்து மாதம் கெடு. அட்வான்ஸும் சுமாரான தொகை. இவளுக்கோ அந்தத் தேசம் முடிந்துவிட்டது. மனசில் இருப்பது வேறு ஒரு கதை. பூமியை விட்டுக் கிளம்பிய கப்பலில் மூன்றாவது தலைமுறையாக வேலை செய்கிற சமையற்காரியைப் பற்றி. அதைக் கேட்ட எல்லோரும் "முதலில் இதை முடி, அதைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார்களாம்.

"நீங்க என்ன ஸார் சொல்றீங்க?" என்றாள்.

"கையெழுத்துப் போடாதே அம்மா" என்றேன். சொன்னதும் எனக்கே பயமாகிவிட்டது. அட்வான்ஸை நானா கொடுக்கப்போகிறேன்? சமையற்காரி கதையும் படுத்துவிட்டால்? ஆனால் மேரி ஷெல்லியின் கதையையும் டோல்கீனின் கதையையும் அவளுக்குச் சொன்னேன். காபி வந்தது, குடித்தாள். எழுந்திருக்கிற சமயம் திடீரென்று கேட்டாள்.

"அந்த முதல்ல திருப்பி அனுப்பினாங்களே ஸார், பழங்கதைக் கட்டு, அது என்ன ஆச்சு?"

"வந்தது. அவர் செத்து நாலு வருஷம் கழித்து, 1977ல். பிள்ளை கிறிஸ்டஃபர் ஒழுங்கு பண்ணிப் போட்டார்."

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "அப்போ அவர் கொடுக்க நினைச்ச ரெண்டாவது புஸ்தகம் வர நாற்பது வருஷம்."

"ஆமாம்."

"எனக்குப் பத்து மாசம் கொடுத்திருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஒப்பந்தக் காகிதத்தைத் திண்ணையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாள். அதில் கையெழுத்துப் போட்டாளா என்று நான் கேட்கவில்லை.